யாருலே அது

பாளையங்கோட்டை

அன்பு மகன் குமரவேலுக்கு அம்மா எழுதுவது. உன் அத்தையின் கெண்டைக்கால் தவிர இங்கே எல்லாரும் சுகம், நீயும் புனேயில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், முழுக்கப் படி.

சித்ரலேகா அத்தையை வெள்ளையன் கடித்தது உனக்குத் தெரியும். ஊசி போட்டாயிற்று, புண் ஆறுகிறது, அவள் கோபம்தான் ஆறவில்லை. நாய் இருக்கிற வீட்டில் இனிப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாளாம். திசையன்விளையில் ஒரு தோட்டக்காரர் காவலுக்கு நாய் கேட்டாராம், ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு வேலையாக வந்துவிட்டுத் திரும்பும்போது வேனில் ஏற்றிக்கொண்டு போவாராம், உன் அப்பா பேசி முடித்துவிட்டார். பகலெல்லாம் இருட்டில் அடைத்துப் போட்டால்தான் நாய்க்கு ரோஷம் வரும் என்று அந்த மனிதர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். அங்கே போனால் அது என்ன ஆகும் என்று யோசித்துப் பார். எதிலும் ஒத்துப்போகாத நீயும் அப்பாவும் இதில் மட்டும் ஒரே குரல். ராஜபாளையம் பிரீடே அப்படித்தான் என்று நீ வீடியோ அனுப்புகிறாய், அவர் சாதிப் புத்தி என்கிறார். நீ வாங்கி வந்த அன்று சாதி நாய், சாதி நாய் என்று தெருவுக்கே காட்டியதும் அவர்தான். மனிதர்களைப் பற்றியும் அந்தச் சொல்லை இதே வீட்டில் கேட்டிருக்கிறேன், அதனால் எனக்குக் கூடுதலாகவே எரிச்சல் வருகிறது.

நானும் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அந்நியரிடம் ஒட்டாதது அதன் பிறவிக் குணம், அதை மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வந்த சிலிண்டர்காரரை முகர்ந்து பார்த்துவிட்டு ஏன் விட்டுவிட்டது? குட்டியாக இருந்தபோது அப்பா காட்டிய விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? வாசலில் யார் வந்தாலும் அதன் முதுகில் தட்டி "யாருலே அது" என்பார், அது பாயும், வந்தவர் பதறுவார், எல்லாரும் சிரிப்போம், அதற்கு ஒரு பிஸ்கட். அத்தை வந்த அன்று வெள்ளையனைக் குளிப்பாட்ட அவிழ்த்துவிட்டிருந்தேன். அவள் கேட்டைத் திறந்தபோது வெள்ளையன் வாலைத்தான் ஆட்டியது. அப்பா பேப்பரிலிருந்து நிமிராமல், உள்ளே இருந்தபடியே, எப்போதும் கேட்கிற மாதிரி "யாருலே அது" என்று கேட்டார். அவ்வளவுதான், பாய்ந்துவிட்டது.

இதைச் சொன்னேன். "அப்போ நான்தான் கடிச்சேங்கியா" என்று எழுந்து போய்விட்டார். அத்தையோ, "ஏ மதினி, நீ என்ன நாய்க்கு வக்கீலா, கடிபட்டது நானுல்லா" என்கிறாள். இந்த வீட்டில் நான் படித்ததும் செல்லாது, கண்ணால் பார்த்ததும் செல்லாது. நீ சொன்னால்தான் அவர் காதில் ஏறும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடு. சாயங்காலம் கூப்பிடு, அப்போது வராந்தாவில் இருப்பார், வெள்ளையனும் பக்கத்தில்தான் கட்டிக் கிடக்கும். யார் குற்றம் என்று ஆரம்பிக்காதே, நாய்ப் பேச்சே எடுக்காதே. வாசலில் ஆள் வந்தால் என்ன சொல்லிக் கேட்பீர்கள் என்று மட்டும் கேள். அவர் வாயால் சொல்லட்டும். மிச்சத்தை வெள்ளையன் பார்த்துக்கொள்ளும்.

வேளைக்குச் சாப்பிடு அய்யா. காந்திமதி அம்மை உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும். சாயங்காலம், மறந்துவிடாதே.

உன் அம்மா
பிரம்மநாயகி