முதுகைக் காட்டிய டீச்சர்

12-7-1956, வியாழன்

நான் விற்கும் இதயப் படத்தைக் காக்ஸ் டவுன் பள்ளி இன்று வாங்குவதாக இருந்தது. சயின்ஸ் டீச்சர் அதை மாட்டி, "இதயம் எங்கே? கை வைங்க" என்றாள். பிள்ளைகள் படத்தைப் பார்த்து வலது மார்பில் கை வைத்தார்கள்.

"பாத்தீங்களா சார், பசங்களைக் கெடுக்கிற படம்!" என்றாள் ஹெட்மாஸ்டரிடம்.

"படத்துல இருக்கிறவன் நம்மளப் பாத்து நிக்கிறான்மா" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும் முதலியாரே, பசங்களுக்கு?"

வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையைத் தூக்கினாள். "இந்தப் பக்கம்." எல்லாக் கைகளும் இடப்பக்கம் மாறின. என் ஆர்டர் போயிற்று.

திமிர் பிடித்தவள். இனி அவள் முகத்தில் விழிக்கமாட்டேன்.

நாளை அடுகோடிப் பள்ளியில், படத்தை விரிக்குமுன் நானே முதுகைக் காட்டிக் கை தூக்குவேன். யாரிடம் கற்றேன் என்று மட்டும் சொல்லமாட்டேன்.