வராத அணி

அண்ணை,

நேற்று என் மகள் கராஜைத் துப்புரவாக்குகிறேன் என்று போய் ஒரு மட்டையோடு திரும்பி வந்தாள். வாழைப்பழப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்த மட்டை. அதில் கறுப்பு மார்க்கரால் போட்ட கட்டங்கள், கட்டங்களுக்குள் ஆப்பிரிக்க ஊர்ப் பெயர்கள், பக்கத்தில் இலக்கங்கள். மேல் மூலையில் பத்திரிகையில் வெட்டிய படம் ஒன்று மஞ்சளாகிக் கிடந்தது. "அப்பா, இதைத் தூக்கிப் போடட்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "தொடாத!" என்று நான் கத்திய கத்தலில் பிள்ளை திகைத்துப்போனாள். அவளுக்கு இருபத்தாறு வயது. அவளிடம் நான் அப்படிச் சத்தம் போட்டதே இல்லை.

மட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கராஜ் வாசலிலேயே இருந்துவிட்டேன். தகனினி என்ற இந்தப் புறநகரில் எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லாக் கராஜும் ஒரே அச்சு. அதில் ஒன்றுக்குள், பழைய புட்டுப்பானைக்குப் பின்னால், நீங்கள் இந்த மட்டையாய் இத்தனை காலமும் சுவரோடு சாய்ந்து நின்றிருக்கிறீர்கள். மூன்று வீடு மாறினேன். உங்களை எறியவும் இல்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை. என்னுடைய துணிச்சல் அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் மவுண்ட் ஆல்பர்ட்டில் அந்தக் காற்றுப் புகுந்த மரவீட்டில் நாங்கள் மூன்று பேர். நீங்கள், நான், கணினி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மதுரைக்காரர். நீங்களும் நானும் விரி என்ற இடத்தில் ஒரு பழக் களஞ்சியத்தில் ஒரே ஷிப்ட். சாம்பியாவில் ஒரு செம்புச் சுரங்க நகரத்திலும், பிறகு யாழ்ப்பாணத்திலும் கணிதம் படிப்பித்த மனிதர் வாழைப்பழப் பெட்டி தூக்கினீர்கள். நான் அதற்குக் கவலைப்பட்டால் உங்களுக்குக் கோபம் வரும். "விசர்க் கதை கதையாத. இந்தப் பெட்டி கேள்வி கேக்காது. பெடியள் கேப்பாங்கள்" என்பீர்கள்.

சாம்பியாவில் இருந்த ஆறு வருடத்தில் உங்களுக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று, அந்தச் சுரங்க நகரத்து உதைபந்தாட்டக் கழகத்தின் மேல் பிடித்த பைத்தியம். மற்றது, உங்களோடு படிப்பித்த அந்த ஊர்க் கெமிஸ்ட்ரி வாத்தியார். நாங்கள் ஒன்றாக இருந்த அந்த வருடம் உங்கள் கழகம் ஆப்பிரிக்க நாடுகளின் கழகங்கள் மோதும் கோப்பையில் விளையாடியது. ஒவ்வொரு ஆட்டம் முடியவும் வாத்தியார் பத்திரிகைத் துண்டுகளை வெட்டி உறையில் போட்டு அனுப்புவார். வந்து சேர ஆறு கிழமை செல்லும். உறை வரும்வரை முடிவை யாரும் சொல்லக் கூடாது என்பது உங்கள் சட்டம். ரக்பியைத் தவிர வேறொன்றும் கதைக்காத இந்த ஊரில் யார் வந்து சொல்லப்போகிறார்கள்? ஆனாலும் ரேடியோவில் ஆப்பிரிக்கா என்ற சொல் கேட்டாலே எழும்பிப் போய் நிற்பாட்டுவீர்கள். "அங்க முடிஞ்சிருக்கும். எனக்கு இன்னும் முடியேல்லை."

ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு ஆட்டம். ஒன்று அவர்கள் மண்ணில், ஒன்று எங்கள் மண்ணில். முதல் சுற்றில் உங்கள் ஆட்கள் வெளியில் போய் மூன்றுக்கு ஒன்று என்று தோற்ற துண்டு வந்தபோது நான் உச்சுக்கொட்டினேன். நீங்கள் கட்டத்தில் இலக்கத்தை எழுதிவிட்டு, "பொறு. இன்னொரு ஆட்டம் கிடக்கு" என்றீர்கள். அடுத்த உறையில் இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்ற செய்தி. கூட்டினால் இருபக்கமும் மூன்று. வெளியூரில் போட்ட அந்த ஒற்றைக் கோல்தான் உங்களைத் தூக்கிவிட்டது. "வெளியூரில அடிச்ச கோலுக்குப் பெறுமதி கூட, தெரியுமே?" என்று மேசையில் தட்டித் தட்டிச் சொன்னீர்கள். அன்று புட்டுக்கு மீன்ரின் ஒன்றை உடைத்துக் கறி. நீங்கள் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டீர்கள்.

இனி மற்றதைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் எழுதுகிறேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, நான் வந்திறங்கிய புதிதில், அதே மேசையில்தான் என்னுடைய அகதி விண்ணப்பத்தை எழுதினீர்கள். எனக்கு ஆங்கிலம் தகராறு. நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். ஊரில் என் சொந்த அண்ணனைச் சந்தியில் வைத்துப் பிடித்தார்கள், நான் பின்வளவால் ஓடினேன். அவ்வளவுதான் என் கதை. ஒரு பக்கம்கூட வரவில்லை. பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தீர்கள். "உன்ர கதை உண்மை. ஆனா இவங்களுக்குக் காணாது." பிறகு என்னைக் கேட்காமலே எழுதத் தொடங்கினீர்கள். முகாமாக்கிய ஒரு கோழிப்பண்ணை. தரையெல்லாம் காய்ந்த எச்சம். பெயர் சொல்லிக் கூப்பிடாமல், எனாமல் கோப்பையால் தகரக் கதவில் மூன்று தரம் தட்டி ஆளை இழுத்துப்போகும் காவலாளி. முதலாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் இடையில் உள்ளே ஒருவரும் மூச்சு விடாதது. பதினொரு நாள்.

"இது ஆருக்கு அண்ணை நடந்தது?" என்று கேட்டேன். நீங்கள் ஷேர்ட்டைத் தூக்கி முதுகைக் காட்டிவிட்டு மறுபடி எழுதினீர்கள். "எனக்கு இது தேவைப்படாது. நான் வாத்தியார் எண்டு புள்ளி முறையில குடியேற விண்ணப்பிச்சிருக்கிறன். நீ வைச்சிரு." குளிருக்குச் சுவெட்டர் கழற்றிக் கொடுப்பதுபோல் கொடுத்தீர்கள். நானும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒரு வருடத்தில் எனக்கு அனுமதி கிடைத்தது.

உங்களுக்குக் கிடைக்கவில்லை. பட்டமும் அனுபவமும் காணாது என்று புள்ளி முறையில் மறுத்தார்கள். அதற்குப் பிறகுதான் நீங்கள் அகதியாக விண்ணப்பித்து, உங்கள் சொந்தக் கோழிப்பண்ணையை, சொந்த எனாமல் கோப்பையை எழுதிக் கொடுத்தீர்கள். உங்கள் கெட்டகாலம், என் விண்ணப்பத்தைப் பார்த்த அதே அதிகாரியிடம் அது போனது. மறுப்புக் கடிதத்தை நீங்கள் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள். இந்த வாக்குமூலம் வேறொருவருடையதைப் பார்த்து எழுதியது, நம்ப முடியாது என்று இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதை நான் கண்ணால் வாசித்தேன்.

நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் நெஞ்சில் அடித்துச் சொன்னேன். "அப்பீலுக்கு நான் வாறன் அண்ணை. அது உங்கட கதை, நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லுறன்." நீங்கள் கடிதத்தைத் திருப்பி வாங்கி மடித்தீர்கள். "உன்ர மனிசிக்கு விசா இன்னும் வரேல்லை. யோசிச்சுச் சொல்லு." "யோசிக்க என்ன கிடக்கு?" என்றேன். வாய் கிழியச் சொன்னேன். சாட்சி ஒருவர் வருவார் என்று வழக்கறிஞரிடம் சொன்னீர்கள்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்து உறை வந்தது. உள்ளே அந்தப் படம். உங்கள் கழகத்தின் பதினொரு பேரும் தங்கள் பாதியில் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். நடுவில் நடுவர், கையில் மணிக்கூட்டைப் பார்க்கிறார். எதிர்ப் பாதியில் ஒரு மனிதனும் இல்லை. வெறும் புல். எதிரணி வரவே இல்லை. நடுவர் காத்திருந்து பார்த்து விசில் ஊதிவிட, உங்கள் கழகம் பந்தைத் தொடாமலே இறுதிக்குப் போனது.

"அப்புறம் என்ன சார், ஃபைனல் போயாச்சு! ஸ்வீட் எடுங்க" என்றார் மதுரைக்காரர். உங்கள் முகம் தெளியவில்லை. "ஆடாமல் வெண்டது ஒரு வெற்றியே?" என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கவில்லை. "தோத்தாலும் வந்து தோக்க வேணும். வராததுகள் பயந்தாங்கொள்ளியள்" என்றேன். நீங்கள் படத்துக்குச் செலோடேப் ஒட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "வராதவனைத் திட்டாத. பிளேன் இல்லையோ, ஊரில சண்டையோ, என்ன கோதாரியோ. ஆருக்குத் தெரியும்?" பிறகு அந்த அணியின் கட்டத்தில் இலக்கத்துக்குப் பதிலாக 'வரவில்லை' என்று எழுதினீர்கள்.

விசாரணை அன்று விடிய ஷேர்ட்டை அயன் பண்ணினேன். நீங்கள் வழக்கறிஞரைப் பார்க்க முதல் ரயிலில் போய்விட்டீர்கள். பத்து மணிக்கு நான் அங்கே நிற்க வேண்டும். ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது. உண்மையைச் சொன்னால் என் அனுமதி போகும், என் மனைவியுடைய விசா போகும் என்று மட்டும் மண்டைக்குள் ஓடியது. திரும்பி வந்து காரை எடுத்துக்கொண்டு நேரே விரிக்கு வேலைக்குப் போனேன். சமோவாக்காரப் போர்மன் என் அயன் ஷேர்ட்டைப் பார்த்து, "இண்டைக்கு உனக்கு லீவல்லோ? கோர்ட் எண்டாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தள்ளி வைச்சிட்டாங்கள்" என்றேன். அன்று பின்னேரம் மூன்று மணி வரைக்கும் பெட்டி தூக்கினேன். பத்து மணிக்குச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பின்னேரம் நீங்கள் மழையில் நனைந்து வந்தபோது நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அறைக்குள் வந்தீர்கள். ஈரக் கையால் என் நெற்றியைத் தொட்டு, "காய்ச்சல் எப்பிடி?" என்று கேட்டீர்கள். எனக்குக் காய்ச்சல் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். அந்தக் கேள்வி எனக்குள் நஞ்சாக இறங்கியது. தப்புச் செய்தவன் நான், ரோசம் வந்ததும் எனக்கு! அதற்குப் பிறகு உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஷிப்டையும் மாற்றிக்கொண்டேன்.

அப்பீலும் தோற்றது. என் மனைவிக்கு விசா வந்தது. நீங்கள் மாசி மாதம் கொழும்புக்கு விமானம் ஏறினீர்கள். மதுரைக்காரர்தான் கொண்டுபோய் விட்டார், நான் வேலை என்று சொன்னேன். போகும்போது மட்டையைக் குசினிச் சுவரிலேயே விட்டுவிட்டு, "ஃபைனல் உறை வந்தா அனுப்பி விடு" என்று எனக்கு ஒரு துண்டு எழுதி வைத்திருந்தீர்கள். இரண்டு கிழமையில் உறை வந்தது. பிரிக்காமல் உங்கள் கொழும்பு லொட்ஜ் விலாசத்துக்கு அனுப்பினேன். சித்திரையில் அது திரும்பி வந்தது. அந்த ஆள் இங்கே இல்லை என்று முத்திரை குத்தியிருந்தார்கள்.

லொட்ஜைச் சுற்றிவளைத்தபோது பிடிபட்டுப் போனவர்களில் நீங்களும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஏழு வருடம் பார்த்துவிட்டு உங்கள் மனைவி உடல் இல்லாமலே அந்தியேட்டிக் கிரியை செய்தா. நான் காசு அனுப்பினேன். அவ திருப்பி அனுப்பவில்லை, நன்றி என்று எழுதியிருந்தா. ஐயோ அண்ணை, அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. மகள் எட்டாம் வகுப்பில், பெற்றோர் ஏன் இந்த நாட்டுக்கு வந்தார்கள் என்று எழுதிவரச் சொன்னார்கள். "அப்பா, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். பின்வளவால் ஓடியதைச் சொல்லியிருக்கலாம். நான் கோழிப்பண்ணையைச் சொன்னேன். கோப்பைச் சத்தத்தை மேசையில் தட்டியும் காட்டினேன். பிள்ளை அழுதாள். பரிசும் வாங்கினாள். அதன் பிறகு இந்த வீட்டில் அது என் கதை.

போன வருடம் ஒரு செத்தவீட்டில் வயதான அம்மா ஒருவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். அந்த நாளில் விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர். ஆங்கிலம் தெரிந்த உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் உங்கள் விசாரணைக்கும் அவர்தான். "சொல்லக் கூடாதுதான். நானும் போற வயசு" என்று தொடங்கினார்.

"அவரிட்டக் கேட்டவங்கள், இது உன்ர கதையோ மற்ற ஆளின்ர கதையோ எண்டு. உண்மையைச் சொன்னா அவர் தப்பியிருப்பார், தம்பி. எனக்கு அது விளங்கினது. அவர் சொன்னார், நாங்கள் ரெண்டு பேரும் அந்தக் கோழிக் கூட்டுக்குள்ள ஒண்டா இருந்தனாங்கள் எண்டு. அவங்கள் நம்பேல்லை. அப்ப உன்ர சாட்சி எங்க, வேணுமெண்டா இன்னொரு திகதி தாறம், கூட்டிக்கொண்டு வா எண்டாங்கள். அவர் வேண்டாம் எண்டுட்டார். அவனுக்குக் காய்ச்சல், கரைச்சல் குடுக்காதேங்கோ எண்டார்."

காய்ச்சல் எப்பிடி?

அண்ணை, இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்காக உங்கள்மேல் கோபமாக இருந்திருக்கிறேன். நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை எனக்குச் சொல்லித் தர வந்தீர்கள், யாரும் கேட்டால் நானும் அதையே சொல்வதற்கு. நான் போர்வைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நேற்று மகள் பக்கத்தில் வந்து இருந்து படத்தைப் பார்த்தாள். "ஏன் மற்றப் பாதி வெறுமையாக இருக்கிறது?" என்று கேட்டாள்.

"மற்ற ஆக்கள் வரேல்லை."

"ஏன்?"

இந்த வீடு, என் கடவுச்சீட்டு, பக்கத்தில் இருக்கும் இவள், எல்லாம் உங்கள் முதுகின்மேல் நிற்கின்றன. இந்தப் பாரத்தை நான் செத்தாலும் இறக்கி வைக்க முடியாது. ஆனால் இவளும் தெரியாமல் சுமக்க வேண்டுமா?

"பிள்ளை, அந்தக் கோழிப்பண்ணைக் கதை ஞாபகம் இருக்கோ?"

இருக்கிறது என்று தலையாட்டினாள். விரலை மடக்கித் தரையில் மூன்று தரம் தட்டினாள்.

"அது நான் இல்லை" என்றேன்.

தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுடைய கண் மெல்ல மாறியதைப் பார்த்தேன். அது எனக்கு வேண்டியதுதான். "அப்ப ஆர்?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

உங்கள் பெயரைச் சொன்னேன். இந்த வீட்டில் அதுதான் முதல் தரம். நீளமான பெயர், இங்கே பிறந்த நாக்கு. இரண்டு தரம் தடுக்கினாள். மூன்றாம் தரம் சரியாகச் சொன்னாள், அண்ணை.