மேல் டெக்கு

விபவ வருஷம், மார்கழி 12. பாலோ கடைத்தெரு.

எதிர்க்கடை முத்தையா பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலில் பினாங்கு போய்த் திரும்பியிருக்கிறான். வியாபாரம் எதுவுமில்லை, சும்மா மக்கான் ஆங்கினாம், மலாய்க்காரன் பேச்சில் காற்று வாங்குவது. அவன் சின்ன மகன் இன்று என் கடைக்கு வந்து என் மகள் ராசாத்தியிடம், "நாங்க நாள் முழுக்க டெக்குலதான் இருந்தோம்" என்று பீற்றிக்கொண்டான்.

அவனும் டெக்கு ஆள்தானா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நாகப்பட்டணத்திலிருந்து இந்தச் சீமைக்கு நான் கூலிகளோடு கப்பலின் டெக்கில்தான் வந்தேன். ஆட்டோடு ஆடாகப் படுத்து, அடுத்தவன் வாந்தியில் பாய் நனைந்து வந்தேன்.

முத்தையா பையனைத் தேடி வந்ததும், கடையில் நின்றவர்கள் காதில் விழும்படி கேட்டேன். "என்ன தம்பி, சின்னப் பிள்ளைகளையுமா டெக்குல போட்டுக் கூட்டிப் போனீங்க?"

அவன் சிரித்தான். "அது கூலி டெக்கு அண்ணே. நாங்க இருந்தது மேல் டெக்கு. அறை எடுத்தவங்க உக்கார நாற்காலி போட்டிருப்பாங்க. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க."

கடையே சிரித்தது. அதுகூடப் போகட்டும். சாப்பிடும்போது ராசாத்தி கேட்கிறாள், "அப்பா, நாம எப்ப டெக்குக்குப் போவோம்?"

இனிக் கப்பலில் கால் வைப்பதில்லை என்று இருந்தவன் நான். நாளைக்குச் சிங்கப்பூர் போய் விசாரிக்க வேண்டும். பினாங்கு வேண்டாம். அதைத் தாண்டி ரங்கூன் வரைக்கும் போகிற கப்பலாகப் பார்க்க வேண்டும். மேல் டெக்கு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.