பின்சில்லு பிறேக்

யூலை 11, வியாழன்

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல்.

காரின் பின்சில்லு இரண்டையும் கழற்றினேன். இவர், என் மனுசன், தொடங்கிய வேலை. பிறேக்குக்குப் புது ரப்பர் வொஷர் வாங்கி, முன்னுக்குப் போட்டு, பின்னுக்குப் போடமுதல் நெஞ்சுவலி. போய்விட்டார். மூன்று மாசமாகக் கார் கல்லில்.

இவரின் தம்பி ஜூட் வந்தான். "அண்ணி, ஞாயிறு ஒருத்தர் கார் பாக்க வாறார்."

"ஆர் விக்கச் சொன்னது?"

"பிறேக் இல்லாத காரை வச்சு என்ன செய்யப்போறீங்க? அண்ணன்ர வருசப் பூசை முடியுமட்டும் நீங்க கோயிலுக்கு மட்டுந்தானே போகலாம்."

இந்தக் காரில்தான் எங்கள் கருவாடு முந்தல் ஊர்க் கடைக்குப் போகும். எனக்கும் ஓட்டத் தெரியும். கார் போனால் கருவாடு இனி எப்போதும் ஜூட் சொல்லும் விலைக்கு அவனுக்கே. அதுதான் அவனுக்கு அவசரம்.

பழைய வொஷரைத் தோண்டி எடுத்து அவன் காலடியில் போட்டேன்.

யூலை 12, வெள்ளி

காற்று குறைவு. துக்கத்துக் கறுப்புச் சீலையோடுதான் காருக்கடியில். கறுப்பில் ஒயில் தெரியாது. வசதி.

வொஷர் போட்டாயிற்று. இனிக் குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர். ஒருவர் மேலே பிறேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே நட்டைத் திறந்து காற்றை விட்டு இறுக்க. எப்போதும் மிதித்தது நான். கீழேயிருந்து இவர் குரல் வரும். பிடி. பிடி. விடு.

தென்னைமட்டையால் பிறேக்குக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். வழுக்கியது. கீழேயே கிடந்து அழுதேன். பிறகு சோறு, பருப்பு.

யூலை 13, சனி

இவரின் அக்கா, மேரி மச்சாள், ஏச வந்தார்.

"துக்க வீட்டுப் பொம்பிளை காருக்கடியில காலை நீட்டிக்கொண்டு. சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். ஏறி இருந்து அதை மிதிங்க, மச்சாள்."

ஏன் ஏறினாரோ. ஏறினார்.

எத்தனை தரம் செய்தும் பிறேக் குழைந்த சோறு. ஒயிலில் குமிழி நிற்கவே இல்லை. காது கொடுத்தேன். மேலே மச்சாள் செபம். அருள் நிறைந்த மரியே. ஆமென் வந்ததும் காலை எடுக்கிறார். நான் நட்டை இறுக்கமுதல். காற்று திரும்ப உள்ளே.

"நான் விடு எண்டாத்தான் விடவேணும், மச்சாள்."

"செபம் முடிஞ்சா என்னடி செய்யிறது?"

"விசுவாசப் பிரமாணம் சொல்லுங்க. அது நீளம்."

சிரித்தார். தம்பி செத்தபிறகு முதல் சிரிப்பு. சிரிப்போடே அழுகை. காலை மட்டும் எடுக்கவில்லை.

பிடி என்றதும் விடு என்றதும் இந்தமுறை நான்.

பிறேக் கல் மாதிரி.

யூலை 14, ஞாயிறு

நல்ல வெயில். பூசைக்குக் காரில். பக்கத்தில் மச்சாள், முக்காட்டோடு.

கோயில் வாசலில் ஜூட். கூடக் கார் பார்க்க வந்தவர். இருவருக்கும் முன்னால் மிதித்தேன். இழுக்காமல் நேராக நின்றது. ஜூட் கட்டியிருந்த வெள்ளைச் சாரம் முழுக்கப் புழுதி.

"பிறேக் இல்லையெண்டீங்க?" வந்தவர் அவனிடம். பிறகு என்னிடம், "எந்த கராஜ் பாஸ் செய்தது, அக்கா?"

"நான்."

"விக்கிறீங்களா?"

"இல்ல."

ஜூட் வாயைத் திறந்தான். மச்சாள், "பூசை தொடங்கப்போகுது, உள்ள போடா."

பூசை முடிந்து வருகையில், வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் நான் திரும்பவில்லை.

"எங்கயடி போறாய்?"

"முந்தலுக்கு. கருவாட்டு விலை கேக்க."

"ஞாயித்துக்கிழமை கடை திறந்திருக்குமா?"

"போய்ப் பாப்பம்."

மச்சாள் முக்காட்டை எடுத்து மடியில் வைத்தார். கதவுக் கண்ணாடியை இறக்கினார்.