காலி ஸ்ட்ரெச்சர் லிஃப்டில், தள்ளியவர் படியில்

அனுப்புநர்:
துப்புரவு ஊழியர், நான்காம் தளம்,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
தொழிலாளர் நல ஆணையர் அவர்கள்.

பொருள்: லிஃப்ட் அருகே நோட்டீஸ் ஒட்டியதற்காக நீக்கப்பட்ட சக ஊழியரை மீண்டும் பணியில் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மருத்துவமனையில் துப்புரவு ஊழியர் பிணத்தோடு மட்டுமே லிஃப்டில் ஏறலாம். வார்டில் இறந்தவரைத் தரைத்தளப் பிணவறைக்குக் கொண்டுபோகும்போது கதவு திறக்கும். திரும்பும்போது காலி ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் மேலே போகும். தள்ளியவர் படியேறிப் போய் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பக்கெட்டுக்கும் படிதான். எங்களைப் பார்த்தால் நோயாளிகள் முகம் சுளிப்பார்களாம்.

2. சென்ற மாதம் எங்களில் ஒரு கர்ப்பிணி பக்கெட்டோடு படியில் விழுந்தார். குழந்தை தங்கவில்லை. நியாயம் கேட்கப் போனோம். “பார்த்து ஏற வேண்டியதுதானே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்றார் சூப்பர்வைசர். அன்றே நாங்கள் இளைஞர்கள் கூடி ஒரு நோட்டீஸ் எழுதினோம். வரிக்கு வரி ‘ஒழிக’ இருந்தது. சூப்பர்வைசரின் தாயாரும் ஓரிடத்தில் வந்து போனார்.

3. எங்களோடு வேலை செய்யும், நாங்கள் சின்னக்கா என்றழைக்கும் பெண் அதை வாசித்துச் சிரித்தார்; கிழித்தார். “டேய், திட்டினா திட்டினதைப் பத்தித்தான் பேசுவானுங்க. லிஃப்டைப் பத்தி ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான்.” பிறகு அவரே எழுதி ஒட்டியது இது:

“டாக்டர் ஐயா, நர்ஸ் அம்மா, பார்க்க வந்த சொந்தக்காரங்களே! இங்க யார் இறந்தாலும் கடைசியா கூட வர்றது நாங்கதான். அப்ப எங்களை லிஃப்டில ஏத்திக்கிறீங்க, நன்றி. திரும்பி வர்றப்ப ஸ்ட்ரெச்சரை மட்டும் ஏத்துறீங்க. கால் வலிக்குதுன்னு அது சொல்லிச்சா? நாங்க சொல்றோம், வலிக்குது. எங்களையும் ஏத்திக்கங்க.”

4. ஐயா, மைக் பிடித்துப் பேசிய பலரை நான் கேட்டிருக்கிறேன். இப்படி எவரும் பேசியதில்லை. இதில் வசவு இல்லை, மிரட்டல் இல்லை. வாசிப்பவரை உறவு சொல்லிக் கூப்பிட்டு, நன்றி சொல்லி, ஒரே கேள்வியில் மடக்கிவிடுகிறது. அந்த நன்றியை வாசித்தபின் லிஃப்டில் கால் வைக்க மனம் வராது. எலும்பு மருத்துவர் ஒருவர் லிஃப்டிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க எங்களோடு படியேறினார். நோயாளியைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் பக்கெட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஒட்டிய அன்று மதியத்துக்குள் லிஃப்ட் ஆளில்லாமல் ஓடியது. யாரும் யாரையும் மறிக்கவில்லை.

5. மறுநாள் நோட்டீஸைக் கிழித்தார்கள், சின்னக்காவை நீக்கினார்கள். ‘தூண்டும் வாசகம்’ என்கிறது உத்தரவு. உண்மைதான், மரத்துப்போன மனசாட்சியைத் தூண்டியது. அவர் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படுக்கையில் கிடக்கும் கணவரும் சாப்பிடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் ஊழியர் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டுமாம்.

6. சின்னக்காவுக்கு வேலையும் வீடும் வேண்டும். எங்கள் எல்லோருக்கும் லிஃப்ட் வேண்டும். இரண்டையும் எழுத்தில் உத்தரவிடுங்கள். முடியாதென்றால், இத்துடன் இணைத்துள்ள நோட்டீஸின் நகலில் குற்றமான சொல்லைத் தங்கள் பேனாவாலேயே அடிக்கோடிட்டு, கையொப்பமிட்டு அனுப்புங்கள். நாங்கள் தேடிப் பார்த்துவிட்டோம், கிடைக்கவில்லை.

எந்தச் சொல், ஐயா?

இடம்: பொது மருத்துவமனை
நாள்: ஜூன் 18

இப்படிக்கு,
(ஒப்பம்)
துப்புரவு ஊழியர், நான்காம் தளம்
(உடன் பணிபுரிவோரின் ஒப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கத்தில்)