வலப்பக்கத்து இடம்

அன்பு மகள் ரோகிணிக்கு அப்பா எழுதுவது. கிள்ளானில் நாங்கள் மூவரும் சுகம், சாயங்காலம் ஆனால் மழை கொட்டுகிறது, அது ஒன்றுதான் தொல்லை. அயர்லாந்துக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ஓகேப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் பார்சலோடு இதையும் எழுதி வைக்கிறேன்.

பெயர்ப்பலகையும் பரிசுக் கோப்பையும் வெட்டுகிற நம் கடை லேசர் மெஷினுக்குப் புது வேலை வந்திருக்கிறது. ஷா ஆலமில் போட்டோ வகுப்பு நடத்தும் இம்ரான், மாணவர்களுக்காகக் கறுப்பு அக்ரிலிக்கில் உள்ளங்கை அகல அட்டை கேட்டார். நடுவில் ஜன்னல், அதற்குள் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கம்பி. கண்ணுக்கு நேரே பிடித்தால், ஆளை எங்கே நிறுத்துவது, எவ்வளவு இடம் விடுவது என்று படம் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். முதலில் கம்பியை ரொம்ப மெலிதாக வைத்துத் தொலைத்தேன், சூட்டில் இடியாப்பம் மாதிரி நெளிந்துவிட்டது. பிரவின் விழுந்து விழுந்து சிரித்தான், உன் தம்பிக்கு அப்பன் தோற்றால் அவ்வளவு சந்தோஷம். தடியாக்கிய பிறகு அருமையாக வந்தது. இப்போது பசியாற நாசி லெமாக் வாங்கப் போனாலும் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன்.

புது வீட்டுச் சுவரில் மாட்ட நீ குடும்பப் படம் கேட்டாய் அல்லவா, அதுதான் இவ்வளவு நாள் இழுத்தது. உன் அம்மாவைத்தான் தெரியுமே, மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவர் பிரிந்துவிடுவார் என்று, நீ விமானம் ஏறியதிலிருந்து எங்களைச் சேர்ந்து நிற்கவே விடவில்லை. நான் பெரிய புத்திசாலி மாதிரி, உன் படத்தைச் சட்டம் போட்டு நாற்காலியில் வைத்தால் நாலு பேராகிவிடும் என்றேன். "எம்புள்ள என்ன செத்தா போயிட்டா, சட்டம் போட்டு வைக்க? வாயக் கழுவுங்க!" என்று கரண்டியோடு வந்துவிட்டாள். அன்று முழுக்க எனக்குத் தேத்தண்ணி கிடையாது. போன ஞாயிறு இம்ரான் அட்டைகளை எடுக்க வீட்டுக்கு வந்தபோது ஒரு வழி சொன்னார். எங்கள் மூவரையும் ஜன்னலின் மூன்று பங்கில் இடப்பக்க இரண்டுக்குள் நிறுத்தி, வலப்பக்கத்தைக் காலியாக விடுவது, அந்த இடத்துக்குப் பொருந்துகிற மாதிரி நீ அங்கே நின்று படம் எடுத்து அனுப்பினால் பிரவின் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடுவான். அம்மா அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். இம்ரான் எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுத் தாமரை, "என்ன மலர், மூணு பேரா நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். போச்சு என்று நினைத்தேன். அம்மா அசரவே இல்லை. "மூணு இல்லக்கா, நாலு பேரு. ஒருத்தி இன்னும் வந்து நிக்கல, அவ்ளோதான் லா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அந்தப் படத்தில் தெரியும், பிரவினிடம் சொல்லாதே.

பார்சலில் அந்தப் படத்தோடு உனக்கும் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். அம்மா கருவாடும் வைக்கச் சொன்னாள், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று நான்தான் விடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா சுகுமாறன்

மறந்துவிட்டேன், படம் எடுக்கும்போது ஹீல்ஸ் போடாதே. படத்தில் அம்மா அந்தக் காலி இடத்துப் பக்கம் உன் தோள் உயரத்துக்குத்தான் கையை நீட்டி வைத்திருக்கிறாள்.