பெட்டிக்குள் முழுக் குளம்

டிசம்பர் 3

காலையில் குளத்துப் பக்கம் நடை. பனிமூட்டத்தில் எதிர்க்கரையே தெரியவில்லை. ஒற்றை நாரை மட்டும் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றது. அதற்கும் குளிர்தான் போலிருக்கிறது. கை விறைக்க விறைக்கப் படம் எடுத்தேன். ஒன்று நன்றாக வந்திருக்கிறது.

அரைமணி நேரம் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வாரியத்தின் புகார்த் தொலைபேசியில் நாள் முழுவதும் காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? குழாயில் காற்று வருகிறது, தண்ணீர் கலங்கி வருகிறது, நேற்றே சொன்னேனே ஏன் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்: பதிவு செய்துகொண்டேன்.

டிசம்பர் 6

இவரும் நாளையிலிருந்து நடக்க வருகிறாராம்.

முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், மழைக்காலத்தில் ஒரு நாள் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கேட்டால், "போரடிச்சுப் போச்சு." அன்றிலிருந்து வீட்டில்தான். நான் உள்ளே நுழைந்தால் போதும், காலையிலிருந்து சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் கொட்டுவார்.

"சும்மா உக்காந்தே இருந்தா கால் மரத்துப் போகுது. நானும் வர்றேன்."

என்ன சொல்வது? எனக்கென்று இருப்பது அந்த அரைமணி நேரம் ஒன்றுதான், அதையும் பிடுங்காதீர்கள் என்று கட்டிய புருஷனிடம் சொல்ல முடியுமா? சரி என்றேன்.

டிசம்பர் 7

பயந்தது போலவே ஆயிற்று. வாசலிலேயே தொடங்கிவிட்டார். "அவசரப்படாத. திரும்பறதுக்கு முன்னாடி பின்னாடி ஒரு தடவை பாரு." இந்த வயதில் எனக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கிறார்.

குளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் மேல் ஒரு மீன்கொத்தி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினேன். "எங்க? என்னது? எங்க இருக்கு?" என்று காதருகில் குரல். அது போயே போய்விட்டது.

இன்னொரு கூத்து. குளம் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "பெட்டில காட்டு" என்கிறார். கேமரா இவருக்குப் பெட்டி. கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதன் குட்டித் திரையையே பார்க்கிறார்.

"நேர்ல பாருங்களேன், முன்னாடிதானே இருக்கு!"

"இதுலதான் நல்லா இருக்கு."

டிசம்பர் 10

வந்தார். பேசினார். படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

டிசம்பர் 13

காபி டம்ளரைத் தட்டிவிட்டார். இந்த வாரத்தில் எத்தனையாவது தடவையோ. நேற்றுதான் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். வேலைக்குக் கிளம்புகிற நேரம். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

துணியை எடுத்துத் துடைத்தார். அதிலும் பாதியைத்தான். மீதியை நான் துடைத்துவிட்டு ஓடினேன்.

மதியம் மகள் போன் செய்தாள். "அப்பாவும் நீயும் சேந்து வாக்கிங் போறீங்களாமே! சூப்பர்மா."

சூப்பர்தான்.

டிசம்பர் 17

நாலு காட்டு வாத்துகள் வந்து இறங்கியிருக்கின்றன. கரை ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி மிதந்தன. "வாத்து வந்திருக்குங்க" என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஒண்ணு" என்றார்.

படம் எடுத்துக் காட்டினேன். "அட, நாலு! மத்ததெல்லாம் எப்ப வந்துச்சு?"

என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

டிசம்பர் 20

பொய் சொல்லிவிட்டேன். முட்டி வலிக்கிறது, கொஞ்ச நாளைக்கு நடை வேண்டாம் என்று. இவர் போய்த் தைலத்தைத் தேடி எடுத்துவந்தார். கண்ணாடி முன்னாலேயே இருந்த பாட்டிலைக் கையால் துழாவித்தான் எடுத்தார். "தேச்சு விடட்டுமா?"

வேண்டாம், நானே தேய்த்துக்கொள்கிறேன் என்றேன். தேய்த்தும் கொண்டேன். பொய்க்கு வாசனை வேண்டாமா?

டிசம்பர் 22

இவர் எழுந்திருக்குமுன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனேன். நேற்றும் அப்படித்தான்.

ஆஹா, அந்த அமைதி! காய்ந்த கோரைப்புல்லின் நுனியெல்லாம் பனி. ஈரச் சேற்றில் நாரையின் கால் தடம், கரையிலிருந்து தண்ணீர் வரை நேர்க்கோடாக. மண்டியிட்டு எடுத்தேன் — வலிக்கிற முட்டியை வைத்துக்கொண்டு! எழுந்திருக்கவே மனமில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவர் தூங்கிக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? ஏனோ அலுப்பாக இருக்கிறது.

டிசம்பர் 24

விழுந்துவிட்டார்.

விழித்துப் பார்த்திருக்கிறார், நான் இல்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தேடி வந்திருக்கிறார். மதகுக்குப் பக்கத்தில் வலது ஓரமாக இருக்கிற பள்ளத்தில்... தினமும் போகிற வழிதானே! நடக்க வந்தவர்கள் இரண்டு பேர் தூக்கி உட்காரவைத்திருந்தார்கள். புருவத்தில் ரத்தம். நான் குளத்திலிருந்து திரும்பும்போதுதான் பார்த்தேன். கழுத்தில் கேமரா தொங்க ஓடினேன்.

"இவ்ளோ பெரிய பள்ளம் தெரியலையாங்க?"

"தெரியல."

ஆட்டோவில் ஏறிய பிறகு மெதுவாகச் சொன்னார்: "முட்டி வலியோட எங்கயாவது விழுந்து கிடக்கிறியோன்னு பாக்க வந்தேன்."

இதற்குமேல் எழுத முடியவில்லை.

டிசம்பர் 26

புருவத்தில் தையல் போட்ட டாக்டருக்குத்தான் சந்தேகம் வந்தது. பக்கவாட்டில் விரலை ஆட்டினார். இவர் கவனிக்கவே இல்லை. கண் டாக்டரிடம் அனுப்பினார். இருட்டு அறையில் வெகுநேரம் சோதனை.

கண் டாக்டர் சின்னப் பெண். பட்டென்று சொன்னாள். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப் போயிருக்கு. நடுவுல மட்டும்தான் பார்வை இருக்கு, சுத்திலும் போயிடுச்சு. போனது திரும்பாது. இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தணும்."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். இவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மழைக்காலத்துல இருந்தே. ஒரு பொண்ணு கார் கத்துக்க வந்துச்சு. பக்கத்துல வந்த ஸ்கூட்டர் எனக்குத் தெரியவே இல்ல. அந்தப் பொண்ணுதான் பிரேக் போட்டுச்சு. அன்னைக்கே சாவியைக் கொடுத்துட்டேன்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"நீ நாள் பூரா புகார்தானே கேக்குற."

டிசம்பர் 27

லீவு போட்டுவிட்டேன். காலையிலிருந்து கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நான் என்ன புகார்ப் பிரிவா? பொண்டாட்டிதானே நான்? எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவாரு? சரி, இவர் சொல்லல. எனக்கு எங்க போச்சு கண்ணு? டம்ளர் விழுந்துச்சு, கதவு இடிச்சுது, பாட்டிலைத் துழாவினாரு. எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்! பிடரியிலயா இருக்குன்னு வேற கேட்டேன். பாவி.

பெட்டி விஷயத்தையும் நேற்றே கண் டாக்டரிடம் கேட்டேன். பார்வை குறுகிப்போனவர்களுக்கு எதிரே இருக்கிற பெரிய காட்சி அடங்காதாம். அதையே சின்னதாக்கித் தள்ளி வைத்துப் பார்த்தால் அடங்கிவிடுமாம். நேரில் ஒரு வாத்து, பெட்டியில் நாலு. இவர் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜனவரி 2

காலையும் மாலையும் சொட்டு மருந்து. எரிகிறது என்று குழந்தைபோல் முகத்தைத் திருப்புகிறார். மகள் வருகிறேன் என்றாள். இப்போது வேண்டாம், விடுமுறைக்கு வா என்று சொல்லிவிட்டோம்.

ஜனவரி 9

மறுபடி நடை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இப்போது பேச்செல்லாம் என்னுடையது. "வலது பக்கம் பள்ளம். இப்ப மேடு. இடது பக்கம் நாய், ஒண்ணும் செய்யாது." இவர் கப்சிப். என் சத்தத்துக்கே பறவைகள் எழும்பிப் போயின.

"கத்துக்க வந்தவங்ககிட்ட இப்படிக் கத்தக் கூடாது. மிரண்டு வண்டியை நிறுத்திடுவாங்க" என்றார்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வீடு திரும்பியதும் தொண்டை கட்டிக்கொண்டது. அதே தொண்டையோடு எட்டு மணிநேரம் பதிவு செய்துகொண்டேன்.

ஜனவரி 15

முன்பெல்லாம் பறவையின் கண் தெரிகிற அளவுக்கு நெருங்கி எடுப்பேன். இப்போது பின்னால் தள்ளி நின்று முழுக் குளத்தையும் எடுக்கிறேன். இவர் கையை நீட்டிப் பிடித்து எண்ணுகிறார். வாத்து ஆறு. நாரை ஒன்று. "கோரைக்குள்ள இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு, பாத்தியா?" நான் பார்க்கவில்லை. நிஜமாகவே இருந்தது.

ஜனவரி 20

மிகவும் களைப்பு. சாப்பிட்டபடியே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. தட்டை இவர் எடுத்து வைத்திருக்கிறார்.

பிறகு சொன்னார்: "நாளைக்கு நீ தனியாப் போயிட்டு வா. நான் சாயங்காலம் மாடியில நடந்துக்கிறேன். நீ வாயை மூடிக்கிட்டு நடந்து எவ்வளவு நாளாச்சு."

வேண்டாம் என்றேன்.

"அட போம்மா. போறேன்னு சொல்லிட்டுப் போ, அது போதும். முட்டி வலியை இதுல இழுக்காத."

தெரிந்திருக்கிறது! எப்போதிலிருந்தோ!

ஜனவரி 21

போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நல்ல குளிர். பனி பாதி விலகி, தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது. யாருமில்லை. கை வீசி நடந்தேன். டிசம்பரில் எதற்காக ஏங்கினேனோ, அந்த அரைமணி நேரம் முழுதாகக் கிடைத்தது.

கரையில் உட்கார்ந்தேன். குழாயின் மேல் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அதேதான் என்று நினைக்கிறேன். கேமராவைத் தூக்கினேன்.

"இடது பக்கம், குழாய் மேல" என்றேன், உரக்க.

பறந்துவிட்டது.

பெட்டி காலி. வீட்டுக்குப் போய் இவருக்கு எதைக் காட்டுவது? ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அது திரும்பி வரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.